உயரத்தில் எடுத்த பாட்டு

மகளின் சைக்கிள் சங்கிலிக்கு என் கணவர் விட்ட எண்ணெயின் வாசனையில், இடித்துத் தள்ளப்பட்ட எங்கள் லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸ் திரும்ப வந்தது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரும் அப்பாவின் கைகளில், எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத அதே வாசனை. ஷன்டிங் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே, கோரைப்பாய் விரித்து நாங்கள் உட்காரும் குடும்ப ஜெபம். அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாத நாட்களில், அம்மா கீர்த்தனையை யாரும் எட்ட முடியாத உயரத்தில் எடுப்பாள். சற்றுப் பொறுத்து, சுவரைப் பார்த்தபடியே அப்பா சொல்வார்:

"ஏட்டி, கொஞ்சம் எறக்கி எடேன். தொண்டை கிழியுது."

"அப்போ நீங்களே எடுங்க."

அதோடு சண்டை முடிந்துவிடும். அம்மாவுக்குச் சுருதி தெரியாது என்றே நினைத்திருந்தேன். கோயில் ஆராதனையில் பாடகர் குழுவுக்கே அவள்தான் சுருதி பிடித்துக் கொடுத்தாள் என்பது ஏனோ எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸா என்று நான் கேட்டதிலிருந்து நானும் என் கணவரும் பேசவில்லை. யார் முதலில் பேசுவது, பேசினால் அது அன்பா தோல்வியா என்று யோசித்தே களைத்துவிட்டேன். இன்று ஜெபத்துக்கும் அவர் லேப்டாப்போடுதான் உட்கார்ந்தார். பாட்டை மிக உயரத்தில் எடுத்தேன்.

"நக்கோ மம்மீ, வேணாம்!" மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

அவர் நிமிரவில்லை. தட்டிக்கொண்டிருந்த விரல்கள் மட்டும் நின்றன.

குரல் உடைந்தாலும், அடுத்த அடியை இன்னும் மேலே கொண்டுபோனேன்.