யாரும் இறைக்காத தண்ணீர்

எங்கள் பக்கத்தில் கிணற்றில் குதிக்கிறவன் முதலில் ஒரு கேள்வி கேட்பான். "இன்னைக்கு எறைச்சாச்சா?" காலையில் மாடு பூட்டிக் கமலை ஓட்டித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்தால் மட்டம் இறங்கியிருக்கும். தெரியாமல் தலைகீழாகக் குதித்தால் அடிப்பாறையில் மண்டை மோதும். இறைக்கவில்லை என்றால் பயமில்லை. கேட்காமல் குதிக்கிறவனைத் திண்டுக்கல் வட்டாரத்தில் கிறுக்கன் என்பார்கள். என் நண்பன் கிறுக்கன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு ஊரில் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார்கள். பேசினவர்களில் ஒருத்தனாவது கடல் எப்படியிருக்கும் என்று பார்த்திருப்பானா? பேச மட்டும் வந்துவிட்டான்கள்.

அவன் வீடு பேகம்பூரில். அவனுடைய அத்தா தோல் வியாபாரி. வீட்டை ஒட்டியே கிடங்கு, உப்புப் போட்ட தோல்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். மகன் படித்தது போதும், கிடங்கில் வந்து உட்காரட்டும் என்பது அவருடைய ஆசை. இவனுக்கோ அது வேப்பங்காய்.

"எம்புட்டுச் சோப்புப் போட்டாலும் போகமாட்டேங்குது மாப்ளே. எங்க போனாலும் எனக்கு முன்னாடி என் நாத்தம் போய்ச் சேந்துருது" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனாலும் பேச்சு முடிந்ததும் கையை ஒருமுறை முகர்ந்து பார்ப்பான்.

அறுபதுகளில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது வீட்டுக்குத் தெரியாமல் போய் வரிசையில் நின்றான். உயரம், மார்பு, ஓட்டம் எல்லாம் தேறிவிட்டான். அவனுடைய அம்மா அழுது தீர்த்தார்கள். அத்தா பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒருநாள் சோற்றில் கை வைத்தபடி, "போய்த் தொலை" என்றார். அந்த வீட்டில் அதுதான் சம்மதம். அன்று மாலை மலைக்கோட்டைப் பக்கம் என்னைத் தேடிக்கொண்டு ஓடி வந்தான் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. "தப்பிச்சேன்டா மாப்ளே, தப்பிச்சேன்!" என்று என் தோளைப் போட்டு உலுக்கினான்.

நாங்கள் இரண்டு பேரும் ஊர்சுற்றிகள். சந்தையில் பழைய ராணுவச் சாமான் விற்கிறவனிடம் நான் ஒரு காக்கி முதுகுப்பை வாங்கியிருந்தேன். அதில் சோற்றுப் பொட்டலம், துண்டு, தீப்பெட்டி எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு லீவு விட்டால் கிளம்பிவிடுவோம். சிறுமலை ஏறியிருக்கிறோம். குஜிலியம்பாறை வெயிலில் நாக்குத் தள்ள நடந்திருக்கிறோம். போகிற வழியில் எந்தத் தோட்டத்தில் கிணறு இருந்தாலும் குதித்துவிட்டுத்தான் மறுவேலை. முதுகில் பையோடு எங்களைப் பார்த்த ஒரு கிழவி, "ஏப்பா, பாம்பு புடிக்கிறவுகளா?" என்று கேட்டதும் உண்டு. "பட்டாளத்துக்குப் போறது நானு, பை மட்டும் ஒனக்காக்கும்" என்று அவன் என்னைச் சீண்டிக்கொண்டே இருப்பான்.

எங்களோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தன் தூத்துக்குடியில் ஓர் உப்பளத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் கடலைப் பற்றி அவன் அளக்கிற அளப்பு தாங்காது. என்னவோ அவனே வெட்டி வைத்த மாதிரி. "வாங்கலே, கடல்னா என்னன்னு காட்டுறேன்" என்பான். பட்டாளத்துக்குப் போவதற்கு முந்தின வாரம், போகிறவனை வழியனுப்புகிற சாக்கில் குமாஸ்தாவைப் பார்க்கக் கிளம்பினோம். இவனுடைய அம்மா வறுத்த கறியும் புளிச்சோறும் கட்டிக் கொடுத்தார்கள். "பத்திரமாக் கூட்டிட்டு வா அப்பு" என்று என்னிடம்தான் சொன்னார்கள். எல்லா அம்மாக்களும் சொல்வதுதான்.

பாசஞ்சர் ரயிலில் கரிப்புகை தின்றுகொண்டே போய் இறங்கினோம். கடலைப் பார்த்தோம். கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர், சுற்றிச் சுவர் இல்லை, படி இல்லை. "எங்கடா புடிச்சு ஏறுறது?" என்று அவன் முணுமுணுத்தான். குமாஸ்தா எங்களை ஒரு பழைய கல்துறைக்குக் கூட்டிப்போனான். வள்ளத்தில் சரக்கு ஏற்ற அந்தக் காலத்தில் கட்டியதாம். கற்சுவர் கொஞ்ச தூரம் கடலுக்குள் நீண்டிருந்தது. சுவர் என்று ஒன்றைக் கண்டதும் எங்களுக்கு உயிர் வந்தது.

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் அவன் கேட்டான், "இன்னைக்கு எறைச்சாச்சா?"

குமாஸ்தா விழுந்து விழுந்து சிரித்தான். "கடல் தண்ணிய எவன்டா எறைக்கிறது? லூசுப்பயலே!"

எல்லோரும் சிரித்தோம். அப்படியும் அவன் சும்மா குதிக்கவில்லை. கல்லைப் பிடித்து மெதுவாக இறங்கி, நின்று பார்த்தான். தண்ணீர் தலைக்கு மேல் போனது. அடியில் மணல்தான், பாறை இல்லை என்று காலால் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறி வந்தான். அதன் பிறகு ஓடி வந்து தலைகீழாகப் பாய்ந்தான். ஒருதடவை இல்லை, சலிக்கிற வரைக்கும் பாய்ந்தான். வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். இதைவிட ஜாக்கிரதையாக ஒரு மனுஷன் எப்படி இருக்க முடியும்? சொல்லுங்கள்.

மதியம் குமாஸ்தாவின் அறையில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அவனுடைய சிநேகிதர்கள் சிலர் பொரித்த மீனோடு வந்து சேர்ந்தார்கள். எங்கள் கறியை அவர்களும் அவர்கள் மீனை நாங்களுமாக ஒரு பிடி பிடித்தோம். அவர்கள் எங்கள் பேச்சைக் கிண்டல் செய்ய, நாங்கள் அவர்கள் பேச்சைக் கிண்டல் செய்ய, ஒரே கூத்து. பட்டாளத்து உடுப்பில் போட்டோ எடுத்து அனுப்புவதாக இவன் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தான். "கழுத்த நல்லா நிமித்தி நிப்பேன் பாரு" என்று எழுந்து நின்று காட்டினான். அன்று மத்தியானம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

சாயங்கால ரயிலுக்கு நேரம் இருந்தது. "கடைசியா ஒரு பாய்ச்சல் பாஞ்சுட்டு வாரேன். இனிமே எந்தக் காலத்துல கடலப் பாக்கப்போறேன்" என்றான். மறுபடி அதே கல்துறைக்குப் போனோம். வெயில் சாய்ந்து தண்ணீர் தகதகவென்று மினுங்கியது, ஆழம் ஒன்றும் தெரியவில்லை. அதே இடம், காலையில் கால் பதித்துப் பார்த்த இடம். அவன் ஓடினான், பாய்ந்தான்.

சத்தம் சரியில்லை. கிணற்றங்கரையில் வளர்ந்தவனுக்குக் குதித்த சத்தத்திலேயே தண்ணீரின் அளவு தெரியும். அவன் முகம் குப்புற மிதந்து வந்தான். கையும் காலும் அசையவில்லை. நான் சட்டையோடு இறங்கினேன். தண்ணீர் என் இடுப்புக்குச் சற்று மேலேதான் இருந்தது.

வலைக்காரர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார், "ஏல, வத்தத்துல எவனாவது தலகீழா விழுவானால?"

வத்தம் என்றால் என்ன? எனக்கு அந்த வார்த்தையே தெரியாது. கடல் தினம் ஏறும், தினம் வற்றும், யாரும் இறைக்காமலே இறங்கிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கோடையில் வற்றுவது தெரியும், கமலை ஓட்டினால் வற்றுவது தெரியும். காலைக்கும் மாலைக்கும் நடுவே, சும்மா கிடக்கிற தண்ணீர் தானாகப் போகும் என்று எங்கள் சீமையில் யாருக்குத் தெரியும்? சுவரைத் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் நின்று இறங்கின ஈரம் கல்லில் பட்டையாகத் தெரிந்தது.

குமாஸ்தா பேயறைந்த மாதிரி நின்றான். "எறங்கும்னு தெரியும்டா. இம்புட்டு எறங்கும்னு நெனைக்கல" என்றான். எத்தனை நாள் அந்தக் கடலைப் பற்றிப் பீற்றியிருப்பான், பாவி! அவன் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். அதற்கப்புறம் அவனோடு நான் பேசவில்லை.

மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தலை ஆடாமல் இருக்க என் முதுகுப்பையைச் சுருட்டிக் கழுத்துக்கு அண்டக் கொடுத்திருந்தேன். கழுத்தெலும்பில் அடி, உயிருக்கு ஆபத்தில்லை, மற்றதைப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அவனுக்கு நினைவு வந்தது. கண் மட்டும் என்னைத் தேடியது.

"மாப்ளே" என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "யாருடா எறைச்சது?"

நான் வெளியே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அவனுடைய அத்தா வந்தார். என்னை அடிப்பார், குறைந்தபட்சம் ஏசவாவது செய்வார் என்று நின்றேன். அவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கேக்காமக் குதிக்கமாட்டானே அப்பு இவன்" என்றார்.

"கேட்டான் மாமா. காலையில கேட்டான்."

"பெறகு எப்படிப்பா?"

கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கிடங்கில் அத்தனை வேலையாட்களை அதட்டி மேய்க்கிறவர், அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பட்டாளத்தில் போய்ச் சேர வேண்டிய நாளில் அவன் மதுரை ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்தான். பல மாதம் கழித்து எழுந்தான். ஒரு கால் இழுத்தது, வலது கை விரல்கள் மடங்கவில்லை. கோல் ஊன்றி நடந்தான். வேறு என்ன செய்வான்? கிடங்கு வாசலில் ஒரு நாற்காலி போட்டார்கள், போய் உட்கார்ந்தான். அத்தா ஆசைப்பட்டது அப்படி நடந்தது. நாற்றத்தைப் பற்றி அதன் பிறகு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பையை மாட்டுவதை விட்டுவிட்டேன்.

சில வருஷம் கழித்து அவனோடு தாடிக்கொம்புக்கு ஒரு கல்யாணத்துக்குக் குதிரைவண்டியில் போய்க்கொண்டிருந்தேன். ரோட்டோரத் தோட்டத்துக் கிணற்றில் நாலைந்து இளவட்டங்கள் குதிக்க நின்றார்கள். கமலைக்குப் பதில் அங்கே மோட்டார் வந்துவிட்டிருந்தது. அவன் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"ஏலே! இன்னைக்கு மோட்டார் ஓடுச்சாடா?"

"கரண்டே இல்லண்ணே!"

"நல்லாத் தெரியுமா?"

"நேத்துலருந்து இல்லண்ணே!"

"அப்பக் குதிங்க" என்றான்.

அவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலைகீழாகப் பாய்ந்தார்கள். மடங்காத விரல்களை வண்டிச் சட்டத்தில் பதித்துக்கொண்டு அவன் கிணற்றையே பார்த்திருந்தான். வண்டிக்காரர், "போலாமாப்பா?" என்று கேட்டதற்கு, பொறு என்று கோலை நீட்டினான். எல்லாத் தலையும் மேலே வந்த பிறகுதான் வண்டியை விடச் சொன்னான்.