கிருமியம்மா வீட்டுத் தீர்த்தம்

பொதுச் சுகாதார ஆய்வுக்கூடத்தின் தலைமை நுண்ணுயிரியலாளர் என்று அறை வாசலில் பலகை தொங்கினாலும், தெருவுக்கு அவள் கிருமியம்மாதான். பச்சைத் தண்ணீரைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. வீட்டுக்கு யார் வந்தாலும் கொதித்து ஆறின தண்ணீர்தான் கிடைக்கும். "விட்டா மழையவே புடிச்சு கொதிக்க வச்சுதான் கீழ விடுவா என் பொண்டாட்டி" என்று வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

சும்மா சொல்லக் கூடாது, அவளுடைய ஆராய்ச்சிக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. தண்ணீர் வராத நேரத்தில், விரிசல் விட்ட குழாய் பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று வருஷக்கணக்கில் தெருத்தெருவாக அலைந்து நிரூபித்தவள். அதற்கப்புறம்தான், குழாய் ஓரமாக அனுமதியில்லாமல் யாரும் குழி தோண்டக் கூடாது என்று நகராட்சி சட்டம் போட்டது. தெருமுனைக்குத் தெருமுனை அறிவிப்பும் வைத்தது.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஒரு பழக்கம். எந்தத் தண்ணீரைச் சோதித்தாலும் பக்கத்தில் தன் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில் இருந்தாக வேண்டும். நல்ல தண்ணீர் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கவாம்! கிருமி நீக்கின தண்ணீர் அலமாரி நிறைய இருக்கும்போது இது எதற்கு? பெருமைதான், வேறென்ன. உதவியாளர் அதற்கு 'மேடம் வீட்டுத் தீர்த்தம்' என்று பேர் வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். பழி முழுக்கப் பள்ளிச் சமையல்காரம்மா தலையில் விழுந்தது. காரணம் வேறென்று தெரியாவிட்டால் வேலை போய்விடும் என்று தலைமையாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தப் பள்ளிக்கூட அடுப்பை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது.

"கை கழுவாம நான் கரண்டியத் தொட்டதே இல்லம்மா" என்று ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"அத நீங்க சொல்லக் கூடாது, என் தட்டு சொல்லணும்" என்றாள் கிருமியம்மா. கிருமி முளைக்கிறதா என்று பார்க்கும் கண்ணாடித் தட்டைத்தான் சொன்னாள். கொஞ்சம் ஆறுதலாகப் பேசியிருக்கலாம், வாய் வரவில்லை.

தட்டு சொல்லிவிட்டது. பள்ளித் தண்ணீர் சுத்தம், சாப்பாடு சுத்தம், சமையல்காரம்மா கையும் சுத்தம்.

"மேடம், தீர்த்தத்துலதான் மொளச்சிருக்கு" என்று இழுத்தார் உதவியாளர். தட்டு முழுக்கச் சாக்கடைக் கிருமி.

"பாட்டில ஒழுங்கா கழுவியிருக்க மாட்டீங்க!" என்று அவர்மேல் பாய்ந்தாள். மறுநாள் தானே குழாய் வாயைத் தீயில் காட்டி, புதுப் பாட்டிலில் பிடித்து வந்தாள். அதிலும் முளைத்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. படுத்திருக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் தெருப் பிள்ளைகள். மற்ற தெருப் பிள்ளைகள் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு ஓடி வந்தாள். வாசலில் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் கொட்டகைக்குப் புதுக் கம்பம் நட்டிருந்தது. ஒரு பக்கம் சாக்கடை, அடியில் தெருவுக்கே தண்ணீர் கொண்டுபோகும் குழாய். கம்பத்தடி மண் சொதசொதவென்று கிடந்தது.

"என்னங்க, இதுக்குக் குழி தோண்டினது யாரு?"

"நான்தான்! கடப்பாரைல ஏதோ 'டங்'குன்னுச்சு. கல்லுன்னு நெனச்சு இன்னும் ரெண்டு போட்டேன்."

"அனுமதி வாங்கினீங்களா?"

"என் வீட்டு வாசல்ல கம்பம் நட எவன் அனுமதி?"

"என்னையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! அந்தச் சட்டமே என்னாலதானே வந்துச்சு!"

அவருக்கு முகம் செத்துவிட்டது. கொதித்த தண்ணீர் குடித்த தனக்கு ஒன்றும் ஆகவில்லை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் படுத்துக் கிடக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. "ரிப்போர்ட்டுல வீட்டு நம்பரப் போடாம, தெருவுல உடைப்புன்னு மட்டும் எழுதேன்" என்றார், பாவம் போல.

அப்படியே எழுதிவிட அவளுக்கும் ஒரு நிமிஷம் ஆசைதான். ஆனால் சமையல்காரம்மா வாசலில் நின்ற நிற்பு நினைவுக்கு வந்தது. அழுதுகொண்டே தன் வீட்டு நம்பரை எழுதினாள்.

நகராட்சி அபராதம் போட்டு, குழாயை மாற்றியது. பிள்ளைகள் தேறி வீடு வந்தார்கள். சமையல்காரம்மா வேலையும் தப்பியது. நன்றி சொல்ல ஒரு சாயங்காலம் கிருமியம்மா வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்காரர் உள்ளே ஓடி, தானே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

உதடு வரை கொண்டுபோனவள் தயங்கி இறக்கினாள்.

"தப்பா நெனக்காதீங்க, இது கொதிக்க வச்சதுதானே?"

கிருமியம்மா வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானே நின்னு கொதிக்க வச்சேம்மா" என்றார் வீட்டுக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டே.

அப்புறம்தான் சமையல்காரம்மா குடித்தாள்.