சித்தப்பா கல்லுக்குப் பாலிஷ்

மற்றவர்கள் வீட்டுத் தரைக்குப் பாலிஷ் போடுவார்கள். நாங்கள் செத்துப்போன சித்தப்பாவின் கல்லறைக்குப் பாலிஷ் போட்டோம். அதுவும் சும்மா இல்லை. ஆள் வைத்து, மெஷின் வைத்து, மாதா கோயில் உபதேசியார் வீட்டிலிருந்து வயர் இழுத்து. சின்ன வயதில் அதைவிடக் குஷியான நாள் எனக்கு ஞாபகமில்லை என்றால் சிரிக்கத்தான் செய்வீர்கள்.

லாரி மோதிச் சித்தப்பா இறந்தபோது நான் கைக்குழந்தை. அப்பாவுக்குத் தம்பிமேல் அப்படி ஒரு பாசம். அரியலூருக்குப் போய்க் கறுப்பு கிரானைட் வாங்கி, ஒரு பாதியில் சித்தப்பாவின் பெயரை வெட்டச் சொல்லி, மறு பாதியைச் சித்தியின் பெயருக்கென்று வெறுமனே விட்டுவைத்தார். ஏலாக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊரில் அப்படிச் செய்வது உண்டு. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே கல். ஆனால் சித்திக்கு அப்போது இருபத்தைந்துகூட ஆகவில்லை. அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கல் மங்கிப்போனதற்குக் காரணமே அப்பாதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு குடம் போர்த் தண்ணீரை ஊற்றிக் கழுவுவார். எங்கள் மண்ணே சுண்ணாம்பு. தண்ணீர் காய்ந்தால் கல்லில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஈரம் போகத் துடைத்துவிடுங்கள் என்று சித்தி சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே? வெள்ளை பூக்கப் பூக்க இன்னொரு குடம் ஊற்றினார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் தடவினார். ஒரு நாள் பளபளத்தது. மறுநாள் ரோட்டுப் புழுதியெல்லாம் வந்து அப்பிக்கொண்டு, சித்தப்பா பெயரைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அப்பா யாரோடும் பேசாமல் சாப்பிட்டார்.

பாலிஷ் போட்ட அந்த வருஷம்தான் ஒரு சார் எங்கள் வீட்டுக்கு வந்து போனார். செந்துறைக்காரர். சித்தி வேலை பார்த்த திருமானூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சித்தியைக் கட்டிக்கொள்ள விரும்புவதாக அப்பாவிடமே நேராகச் சொன்னார். சித்திக்குச் சம்மதம், அம்மாவுக்கும் சம்மதம். ஆனால் அப்பா சரி என்று சொல்லாமல் கழுத்தை நீட்டமாட்டேன் என்று சித்தி தீர்மானமாக இருந்தாள். அப்பாவோ, கேட்கும்போதெல்லாம், கல்லறைத் திருநாள் முடியட்டும், பார்க்கலாம் என்பார். இதெல்லாம் என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. திருநாளுக்குள் கல் பளபளக்குமா என்பதுதான் என் கவலை.

திருநாளுக்கு முந்தின வாரம் பாடாலூரிலிருந்து பாலிஷ்காரர் வந்தார். மெஷின் சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. முதலில் சொரசொரப்பான வட்டத் தகட்டை மெஷினில் மாட்டித் தேய்த்தார். கல் இன்னும் மோசமாகி, சாம்பல் பூசியதுபோல ஆனது. அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. அவசரப்படாதீங்க சார் என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் தண்ணீர் விட்டு, வட்டத்தை மாற்றி மாற்றித் தேய்த்தார். போகப் போக நைசான வட்டம். கடைசியில் மாவு போல ஒரு பொடியைத் தூவித் தேய்த்துத் துடைத்தாரே, பார்க்கணும்! வானம் தெரிந்தது, புளியமரம் தெரிந்தது, என் பல் விழுந்த ஓட்டைகூடத் தெரிந்தது. பிள்ளைகள் எல்லாம் வரிசையாக நின்று நாக்கை நீட்டிப் பார்த்தோம். பக்கத்துக் கல்லறைக்குப் புல் வெட்ட வந்த ஒரு பெண்மணி, எங்கள் கல்லில் பார்த்துத் தலைப்பூவைச் சரிசெய்துகொண்டார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் உள்ளே படுத்திருந்தவர்கள் எழுந்து வராததுதான் ஆச்சரியம்.

சித்தி டீ கொண்டுவந்தாள். நான் பண்ணிய கோணங்கிச் சேட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குனிந்தவளின் முகம், பெயர் வெட்டாத பாதியில் அப்படியே விழுந்தது. சித்தியின் சிரிப்பு நின்றுபோனது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலிஷ்காரருக்கு என்ன தெரியும், பாவம். உளியும் கொண்டுவந்திருக்கிறேன், இந்த அம்மா பெயரையும் இப்போதே வெட்டிவிடட்டுமா, தேதியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று சித்தியைக் காட்டிக் கேட்டுவிட்டார். அம்மா பதறிப்போனாள்.

அப்பா அந்த வெறும் பாதியை ஒருமுறை கையால் தடவினார். பிறகு பாலிஷ்காரரிடம் திரும்பினார்.

"பேரு வேணாம்ப்பா. அந்தப் பக்கம் ஒரு திராட்சைக் கொடி போட்டுரு."

"ஓரமா சின்னதா போட்டுடவா சார்?"

"சின்னதா வேணாம். எல, கொத்து எல்லாம் போட்டு ரொப்பிடு. இடமே மிச்சம் வெக்காத."

சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "மாமா" என்று மட்டும் சொன்னாள். "அழுவாதம்மா, டீ ஆறுது பாரு" என்றார் அப்பா. அவருடைய டீயும்தான் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எனக்கோ அப்பாமேல் கோபமான கோபம். சித்தியின் இடத்தை இப்படிப் பிடுங்கிவிட்டாரே! அப்போ சித்தி பெயரை எங்கே எழுதுவது என்று கத்தினேன். அம்மா என்னை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள்.

தையில் சித்திக்குக் கல்யாணம் நடந்ததும், அப்பாவே அவள் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனதும் பிற்பாட்டுக் கதை. அப்போதும் கொடியையும் கல்யாணத்தையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

திருநாளன்று பங்குச் சாமியார் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வந்தவர், எங்கள் கல்லருகே நின்றுவிட்டார். கொத்துக் கொத்தாகத் திராட்சை; விரல் வைக்க இடமில்லை. மனைவி பெயருக்கு விட்டிருந்த இடத்தில் என்ன இது என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார், சித்தி அம்மாவைப் பார்த்தாள். பெரியவர்கள் இப்படி முழிக்கிறார்களே என்று நான்தான் முந்திக்கொண்டேன்.

"எங்கப்பாவுக்குத் திராட்சைன்னா ரொம்பப் புடிக்கும் சாமி."