தலைவர் சுமந்த புல்

ஒரு வாசல் மிதியடி அளவு இருக்கும் அது. பிளாஸ்டிக் புல். ஒரு மூலையில் துளை போட்டுக் கயிறு கோத்திருந்தார்கள். மைதானக் கொட்டிலில் கைக்கு வந்த கணத்திலிருந்து தலைவர் அதை முக்கியமான கோப்பு ஒன்றைப் போலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நடந்தார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மணல். அந்த மணலின் நடுவே, கல்லூரிச் சின்னம் தைத்த கறுப்பு பிளேசரும் கழுத்துப்பட்டியும் அணிந்த ஒரு லண்டன் கணக்காளர், கக்கத்தில் ஒரு துண்டுப் புல்லோடு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு வளைகுடா நகரத்துக்கு வெளியே, விடிந்தவுடனேயே கண் கூசத் தொடங்கிவிடும் ஒரு பொதுக் கொல்ஃப் மைதானத்தில் நான் கண்ட காட்சி இது. அவரைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கக்கம்தான்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் கல்லூரி என்று அழைக்கப்படும் ஆண்கள் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய மாணவர் சங்கத்துக்கு லண்டனில் ஒரு கிளை இருந்தது. அதன் தலைவர் அவர். ஹரோவில் வீடு. பல ஆண்டுகளாக அவரே தலைவர். வேறு ஒருவர் இருக்கலாம் என்ற யோசனையை யாராவது சொன்னால், காது கேட்காதவர்போல் அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார். எதையும் வரிசைப்படுத்தி வைப்பது என் பழக்கம் என்பதால், அவரைப் பற்றியும் மனத்துக்குள் ஒரு வரிசை வைத்திருந்தேன். முதலாவது, "நான் ஒரு சனநாயகவாதி" என்று அவர் பேச்சைத் தொடங்கினால், தனியாக ஒரு முடிவை எடுத்துவிட்டார் என்று பொருள். இரண்டாவது, மேசையில் எப்போதும் சங்கத்தின் சட்டப் புத்தகமான யாப்பு இருக்கும். தனக்கு வேண்டிய பக்கத்தில் தானாகவே திறந்துகொள்ளும். மூன்றாவது, வடமேற்கு லண்டனில் கவுன்சில் நடத்திய, காசு கட்டினால் எவரும் ஆடக்கூடிய கொல்ஃப் மைதானத்தை அவர் "என்ர கிளப்" என்பார். தனியார் கிளப்புகள் அவருடைய விண்ணப்பங்களுக்குப் பதில் போடவில்லை என்பது ஹரோ முழுவதற்கும் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் ஊரிலிருந்து இளைஞர்கள் வந்து சேரத் தொடங்கியபோதுதான் சங்கத்தில் சண்டை மூண்டது. அவர்களில் பலர் அதே கல்லூரியில் படித்தவர்கள். ஆனால் இராணுவத்தின் சுற்றிவளைப்புக்கும் ஷெல்லடிக்கும் பயந்து கடைசிச் சோதினை எழுதாமல் நாட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள். சோதினை எழுதி முடித்தவன்தான் பழைய மாணவன் என்றது யாப்பு. தலைவர் அந்தப் பக்கத்தை விட்டு அசையவில்லை. விம்பிள்டனில் இருந்த ஒரு டொக்டர், இளைஞர்களைச் சேர்க்க வேண்டும் என்று கொடி பிடித்தார். அவருக்குத் தலைவராக ஆசை. இளைஞர்கள் சேர்ந்தால் வோட்டுச் சேரும். இருவரில் ஒருவருக்கும் அந்த இளைஞர்களின் பெயர்கள் தெரியாது.

எனக்கு ஒரு பெயர் தெரியும், ஏனென்றால் அவர்களில் ஒருவர் என் அண்ணை. அப்பா எங்களை லண்டனுக்கு அழைத்தபோது, அந்தக் கல்லூரியில் படித்து முடிக்கட்டும் என்று அண்ணையை மட்டும் ஊரில் விட்டார். கல்லூரி அணியின் வேகப்பந்து வீச்சாளர் அண்ணை. சோதினைக்கு ஒரு மாதம் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பொடியனை இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றே அண்ணை புறப்பட்டார். பல நாடுகள் சுற்றி இல்ஃபோர்டுக்கு வந்து, பெற்றோல் நிலையத்தில் நைட் ஷிப்ட் எடுத்தார். ஒவ்வொரு கோடையிலும் ஹரோவுக்குப் பக்கத்துப் பூங்காவில், ஊரில் போட்டியாக இருந்த எதிர்க்கல்லூரியின் சங்கத்தோடு எங்கள் சங்கத்தின் கிரிக்கெட் ஆட்டம் நடக்கும். அண்ணை ஷிப்ட் முடித்துத் தூங்காமல் ரயில் மாறிப் போய், எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பார். பந்து வெளியே வந்தால் எடுத்து எறிவார். அந்த எறியைப் பார்த்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உறுப்பினர் அல்லாதவர் ஆட முடியாது. லண்டனுக்கு வந்த பிறகு அண்ணை தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஆட்டத்தில் ஒரு இடம் மட்டும்தான்.

தேர்தல் வைத்தால் சங்கம் இரண்டாக உடையும் என்று பயந்த மூத்தவர்கள் சிலர், தலைவரும் டொக்டரும் கொல்ஃப் ஆடித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தோற்றவர் விலக வேண்டும். படித்தவர்களின் மூளை இப்படித்தான் வேலை செய்யும். லண்டனில் ஆடினால் வேடிக்கை பார்க்க ஆள் கூடும், கைகலப்பில் முடியும். வளைகுடாவில் பொறியியலாளராக இருந்த பழைய மாணவர் ஒருவர் தன் வீட்டில் தங்கலாம் என்றார். அங்கே எவரும் ஆடக்கூடிய ஒரு பாலைவன மைதானம் இருந்தது. புள்ளி எழுத ஒரு நடுநிலையாளர் தேவைப்பட்டார். அப்போது நான் ஒரு கவுன்சிலில் நில அளவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்: "உமக்கு வோட் இல்லை, பிள்ளை. பொம்பிளைப் பிள்ளை, எங்கட பள்ளிக்கூடமும் இல்லை. அதுதான் உம்மட தகுதி." என் அண்ணையும் அந்த இளைஞர்களில் ஒருவர் என்று அவருக்குத் தெரியும். அது எனக்கு ஒரு பொருட்டாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. டொக்டர் வென்றால் அண்ணை ஆடலாம் என்பதற்காக நான் லீவு போட்டேன்.

அந்த மைதானத்தில் ஒரு புல்கூடக் கிடையாது. இரண்டு வரிசை வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் மணல்தான் ஆட்டப் பாதை. பந்து பாதைக்குள் நின்றால், ஆடுபவர் தன் புல்துண்டை விரித்து அதன்மேல் பந்தை வைத்து அடிக்கலாம். கட்டைக்கு வெளியே போனால் மணலில் கிடந்தபடியே அடிக்க வேண்டும். குழி இருக்கும் இடத்தில் மணலுக்கு எண்ணெய் ஊற்றி இறுக்கி உருட்டியிருந்தார்கள். ஒரு குழியை யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அந்தக் குழி அவருக்கு. கூடிய குழிகள் எடுத்தவர் அடுத்த தலைவர்.

"ஐசே, அந்த பிளேசரைக் கழட்டும். வேர்த்துச் சாகப்போறீர்," என்றார் டொக்டர்.

"கல்லூரிச் சின்னத்தை நான் கழட்டிறேல்லை."

"சின்னம் வேர்க்காது. நீர்தான் வேர்ப்பீர்."

இருவரும் மோசமாக ஆடினார்கள். நான் கொல்ஃப் அறியாதவள். ஆனால் ஒரு வேலையைத் தெரிந்தவர் செய்வதற்கும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்பவர் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் எந்தத் தொழிலிலும் ஒன்றுதான். தலைவர் ஒவ்வொரு அடிக்கு முன்னும் விரலை நனைத்துக் காற்றைப் பார்ப்பார். காற்றே இல்லை. பிறகு மணலை அடிப்பார். டொக்டர் தவறவிட்ட அடியை எல்லாம் பயிற்சி அடி என்றார். கடைசிக் குழிக்கு வந்தபோது இருவரும் சமமாக இருந்தார்கள். வெயில் ஏறி, தலைவரின் கழுத்துப்பட்டி சாயம் விட்டு வெள்ளைச் சட்டையில் இறங்கியிருந்தது.

அந்தக் குழியை நோக்கி அடித்ததில் தலைவரின் பந்து இடப்பக்கம் போய் நின்றது. அவர் டொக்டரைத் திரும்பிப் பார்த்தார். டொக்டர் எதிர்ப்பக்கத்தில் தூரத்தில் குனிந்திருந்தார். தலைவர் அமைதியாகப் புல்துண்டை விரித்தார். பந்தை எடுத்து அதன்மேல் வைத்தார். இரண்டு கட்டைகளை ஒரே கோட்டில் நிறுத்திப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

"ஐயா, பந்து கட்டைக்கு வெளியிலை."

"எவ்வளவு?"

"ஒரு அடி."

"ஒரு அடிக்கு ஆரும் சண்டை பிடிக்கிறதே, பிள்ளை? காத்துத் தள்ளியிருக்கும்."

"என்ர அண்ணைக்கு ஒரு மாதம்தான் குறைஞ்சது. அதுக்கு நீங்கள் விட்டுக் குடுக்கேல்லையே, ஐயா."

"அது யாப்பு!"

"இது விதி."

அவர் முகத்தில் வெயிலைவிட வேறு ஒரு சிவப்பு ஏறியது. "டொக்டர்! இஞ்சை வாரும் ஐசே! இந்தப் பிள்ளை என்னைக் கள்ளன் எண்டுறா!" என்று கத்தினார்.

நான் டொக்டரைப் பார்த்தேன். வெற்றி அவர் கையில் இருந்தது. ஓம், வெளியிலைதான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் நிமிர்ந்தார். அப்போதுதான் அவருடைய காலடியைக் கவனித்தேன். அவரும் புல்லை விரித்துப் பந்தை வைத்திருந்தார், எதிர்வரிசைக் கட்டைகளுக்கு வெளியே. ஒரு அடி அல்ல, கட்டைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரிந்தது.

"விடும் பிள்ளை," என்றார் மிகுந்த பெருந்தன்மையோடு. "விளையாட்டுத்தானே. ஒரு அடியாலை என்ன குடி முழுகப்போகுது?"

தலைவர் அந்தப் பக்கம் பார்த்தார். புரிந்துகொண்டார். இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு, தோளில் கைபோட்டுக் கொட்டிலுக்கு நடந்தார்கள். அங்கே குளிர்ந்த சோடாவைக் குடித்தபடி உலகத்தைப் பங்கிட்டார்கள். தலைவர் இன்னும் ஒரு ஆண்டு இருப்பார், பிறகு டொக்டர். இளைஞர்கள் விடயத்தை ஆராய உபகுழு ஒன்று. இருவருமே அதில் இருப்பார்கள். "சமம் எண்டு எழுதும், பிள்ளை," என்றார் தலைவர். நான் அட்டையை அவரிடமே நீட்டினேன். "நீங்களே எழுதுங்கோ, ஐயா." எழுதினார். கையெழுத்து அழகாகவே இருந்தது.

லண்டன் திரும்பிய அன்று பெற்றோல் நிலையத்துக்குப் போய் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணை கோபப்படுவார், நானும் சேர்ந்து கோபப்படலாம் என்று எதிர்பார்த்துப் போனேன். "ரெண்டு பேரும் வெளியிலையோ?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கேட்டார்: "அந்த எண்ணெய் மணலிலை பந்து குத்தினால் எழும்புமோ?"

உபகுழு சில கூட்டங்கள் கூடியது, றோல்ஸ் சாப்பிட்டது, முடிவு எதையும் எடுக்கவில்லை. டொக்டர் தலைவரானார். ஆண்டுகள் போக, உறுப்பினர்களின் முழங்கால்களும் போயின. எதிர்க்கல்லூரிச் சங்கம், ஊரிலிருந்து வந்த தங்கள் இளைஞர்களை எல்லாம் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு கோடையும் வென்றது. கடைசியில் போன ஆண்டு டொக்டரே இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தா.

"தம்பி, நீர் விருந்தினரா வந்து பந்து போட்டுத் தாரும். பதினொரு பேர் சேர்க்க ஏலாமல் கிடக்கு. யாப்பிலை அப்பிடி இடமில்லை, ஆரும் கேட்டால் நான் பாக்கிறன்."

"உபகுழு என்ன முடிவெடுத்தது, டொக்டர்?" என்று நான் கேட்டேன். அவர் தேத்தண்ணியைப் பார்த்தார். அண்ணை, "எத்தினை மணிக்கு வரவேணும்?" என்று கேட்டார்.

டொக்டர் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "வெக்கமில்லையோ அண்ணை? உவங்களுக்குப் போய்!"

"நீ அவையளைப் பாக்கிறாய், தங்கச்சி. நான் பந்தைப் பாக்கிறன்."

ஆட்டத்தன்று நான்தான் அண்ணையைக் காரில் கொண்டுபோனேன். வயது முப்பதைக் கடந்துவிட்டது, முடி முன்னால் ஏறிவிட்டது. ஓடிவரும் ஓட்டம் மட்டும் அப்படியே இருந்தது. பழைய தலைவர் எல்லைக்கோட்டின் ஓரம் மடக்குக் கதிரையில் இருந்தார். அவருக்குப் பின்னால் நான் நின்றது அவருக்குத் தெரியாது. எதிரணித் தலைவரின் நடுக்குச்சியை அண்ணையின் பந்து பிடுங்கி எறிந்தபோது, முதலில் எழுந்து கை தட்டியவர் அவர்தான்.

"ஆர் உது?" என்று பக்கத்தில் இருந்த எதிர்க்கல்லூரிக்காரர் கேட்டார்.

"எங்கட பெடியன்."

"எந்த வருசத்துச் சோதினை?"

தலைவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஆண்டைச் சொன்னார். அண்ணை எழுதாமல் வந்த சோதினையின் ஆண்டு. இத்தனை காலமும் அவருக்கு அது சரியாகத் தெரிந்திருக்கிறது. பாலைவனத்தில்கூட அவரை நான் இவ்வளவு வெறுத்ததில்லை. முன்னால் போய் நின்று, பொய் என்று சொல்லலாம். சொன்னால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும்: யாராவது யாப்பைத் திறப்பார்கள், ஆட்டம் நிற்கும், அண்ணை வெளியே அனுப்பப்படுவார். நின்ற இடத்திலேயே நின்று பந்தைப் பார்த்தேன். அண்ணை பந்தைக் காற்சட்டையில் தேய்த்தபடி, அடுத்த ஓட்டத்துக்காகப் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.