டீச்சரின் அமெரிக்க ஓட்டு

நானும் அவரும் திருவரங்குளம் பக்கத்தில் ஒரே அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் வரலாறு. என்னைவிட கொஞ்சம் மூத்தவர். திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம். உறவுக்காரர்கள் எல்லாம் சென்னை, பெங்களூர் என்று போய்விட்ட பிறகும் இவர் மட்டும் வேலையை விடாமல் இங்கேயே இருந்தார். அத்தனை வருடப் பழக்கத்திலும் நாங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. நான் அவருக்கு டீச்சர், அவர் எனக்கு டீச்சர். இப்போது அவர் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருக்கிறார். வாட்ஸப்பில் கூப்பிட்டால் இன்றும் முதல் வார்த்தை, "என்னங்க டீச்சர், சாப்பிட்டாச்சா?" என்பதுதான்.

எங்களை நெருக்கமாக்கியது தேர்தல் வேலை. பள்ளியில் அவரவர் வகுப்பு, அவரவர் பாடம். தேர்தல் வந்தால்தான் எங்கள் இருவர் பேரும் ஒரே உத்தரவில் வரும். முதல் தடவை குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு சின்ன ஊரில் போட்டார்கள். பழைய பஸ் ஒன்றில் வாக்குப் பெட்டியோடு எங்களை ஏற்றி, ஊர் ஊராக ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டே போனார்கள். எங்கள் இடம் ஓடு போட்ட ஒரு தொடக்கப்பள்ளி. கட்சிக்காரர்கள் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பதால் சத்துணவு சமைக்கிற அம்மாதான் எங்களுக்கு ரசமும் அப்பளமும் செய்து கொடுத்தார். அந்த ரசத்தின் மிளகு வாசனை இன்னும் என் நினைவில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தோம். ஏதோ சுற்றுலா வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் டீச்சருக்கு மை வைக்கிற வேலை. எனக்குப் பட்டியலில் பேர் பார்க்கிற வேலை. ஓட்டுப் போட வந்த பெண்கள் பலருக்கு விரலை நீட்டவே கூச்சம். டீச்சர் அந்தக் கையை மெதுவாகப் பிடித்து, நகமும் தோலும் சேர்கிற இடத்தில் கோடு இழுத்து, "காயட்டும்த்தா, சேலையில தொடச்சிறாதீங்க" என்பார். மதியத்துக்குள் பாதி ஊருக்கு அவரைத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் வாசலைச் சாத்துகிற நேரத்தில் ஒரு பெண் களை எடுத்த சேறு காயாத காலோடு ஓடி வந்தார். நேரம் முடிந்துவிட்டது என்றார் ஒரு கட்சி ஏஜெண்ட். இல்லை, அதற்கு முன்பே வந்துவிட்டார் என்றார் இன்னொருவர். பூத்துக்குத் தலைமை அதிகாரியாக இருந்த வேறு பள்ளித் தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் எழுந்து, அந்தப் பெண் கேட்டுக்குள் கால் வைத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், அப்போது மணி ஆகவில்லை என்றும் சொன்னார். அவர் பொய் சொல்ல மாட்டார் என்பது பேச்சிலேயே தெரியும். அந்தப் பெண் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். பெட்டிக்கு அரக்கு வைக்கும்போது தலைமையாசிரியர், இந்த ஒரு ஓட்டிலா டீச்சர் ஜெயிப்பும் தோல்வியும் இருக்கிறது என்று கேட்டார்.

"அது நமக்குத் தெரியாது சார். பெட்டிக்குள்ள விழுந்தாத்தான் எண்ண முடியும்" என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல். காகிதச் சீட்டு போய் மிஷின் வந்தது. நாங்கள் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியே இல்லாமல் போனது. குன்றாண்டார்கோவில் திருச்சியோடு, கொடும்பாளூர் கரூரோடு, எங்கள் திருவரங்குளம் சிவகங்கையோடு என்று மாவட்டத்தைப் பிரித்துப் பிரித்து அக்கம்பக்கத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆசிரியர் அறையில் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை. எனக்கு நிஜமாகவே கோபம். நம் ஊர் பேரைச் சொல்லி டெல்லியில் எழுந்து நிற்க ஒரு ஆள் இல்லையே என்றேன். டீச்சர் அப்போது அவ்வளவாகக் கோபப்படவில்லை. கோட்டைத்தான் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், ஓட்டு ஓட்டாகத்தானே இருக்கிறது என்றார்.

ஓய்வு பெற்ற மறு வருடம் அவருடைய வீட்டுக்காரர் காலமானார். ஒரே மகன் அமெரிக்காவில். அம்மாவைத் தனியாக விட மாட்டேன் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பினேன். பையில் மாவடு ஊறுகாய் பாட்டில் உடையாமல் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டார். அழுகையை மறைக்க அவருக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

அவர் போன சில வருடங்களில் அங்கே ஜனாதிபதி தேர்தல் வந்தது. அப்போது அவரிடம் கிரீன் கார்டுதான், ஓட்டு இல்லை. ஆனாலும் டிவி முன்னால் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்திருக்கிறார். அவர்களுக்குப் பொழுது விடியும்போது எனக்கு இங்கே சாயங்காலம். போன் வந்தது.

"டீச்சர், அதிக ஓட்டு வாங்குனவங்க தோத்துட்டாங்க."

நான் ஏதோ கள்ள ஓட்டு, மறு எண்ணிக்கை என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை, சட்டமே அப்படித்தானாம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று, ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிற தேர்வாளர்கள் உண்டு. ஒரு மாநிலத்தில் ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும், அநேகமாக எல்லா இடத்திலும், அந்த மாநிலத்தின் பங்கு முழுவதும் அவருக்கே போய்விடும். மற்றவருக்குப் போட்டவர்களின் ஓட்டு அந்த எல்லையோடு நின்றுவிடும். எனக்குக் கணக்குப் புரிந்தது. மூன்று வகுப்பில் இரண்டு வகுப்பை மயிரிழையில் ஜெயித்து, மூன்றாவதில் மொத்தமாகத் தோற்றாலும் பள்ளித் தலைவர் ஆகிவிடலாம், அப்படித்தானே என்றேன். அப்படியேதான் என்றார். பக்கத்து வீடுகளில், கடைகளில், எல்லாரும் இதைப் பற்றித்தான் பேசுகிறார்களாம். ஜெயித்த கட்சிக்காரர்களில்கூடச் சிலர், இந்த முறை சரியில்லை என்று ஒத்துக்கொள்கிறார்களாம்.

நான் விடவில்லை. "நம்ம ஊர்லயும் பிரதமருக்கு நாம நேரா ஓட்டுப் போடலயேங்க டீச்சர்."

"போடலதான். ஆனா எம்.பி.க்குப் போடுறோம்னு சொல்லித்தானே போடுறோம். இங்க சீட்டுல ஜனாதிபதிக்கு நிக்கிறவுக பேருல்ல இருக்கு."

அதன் பிறகு அவர் குடியுரிமைக்கு எழுதிப் போட்டார். மகன், ஊருக்கு வந்து நாள் கணக்குப் பார்க்காமல் தங்கிப் போவதற்கு வசதி என்பதற்காகச் சொன்னார். டீச்சர் ஓட்டுக்காக எடுத்தார். அதை மகனிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். குடியுரிமைப் பரீட்சைக்குப் படிக்கும்போது நான் போனில் கேள்வி கேட்பேன், அவர் பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி பதில் சொல்லுவார். பாஸ் செய்த அன்றுதான் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்குமே நினைவு வந்தது. இங்கே வாக்காளர் பட்டியலில் இருந்து பேரை எடுக்கச் சொல்லி அவரே மனுக் கொடுத்தார். எத்தனையோ பேர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவரால் அது முடியாது.

முதல் அமெரிக்க ஓட்டு கொரோனா காலத்தில், தபாலில். குளித்துவிட்டு, விளக்கேற்றிவிட்டு, மேஜையில் உட்கார்ந்து நிரப்பினாராம். யாருக்கு என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. மகன் ஓட்டே போடவில்லை. அவர்கள் இருக்கிற மாநிலத்தில் யார் ஜெயிப்பார் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியுமாம். போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான், விடுங்கம்மா என்றாராம். அதைச் சொல்லும்போது டீச்சர் குரல் இறங்கிவிட்டது. வகுப்பில் ஓட்டுரிமையைப் பாடம் நடத்திய அம்மாவின் பிள்ளை.

"அன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல கோடுதான மாறுச்சுன்னு ஒங்ககிட்டச் சொன்னேன்ல. கோடு போடுறதுலதான் எல்லாம் இருக்குங்க டீச்சர்" என்றார்.

அந்தக் குளிர்காலம் கழிந்ததும் அவர் ஒரு குழுவில் சேர்ந்தார். நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவரே ஜனாதிபதியாக வேண்டும், அதற்கு மாநில சட்டசபைகள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறவர்கள். சனிக்கிழமைகளில் நூலக வாசலில் நிற்பார். சேலை, அதற்கு மேல் தடிக் கோட்டு, காலில் ஷூ. போட்டோ அனுப்பினார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாராம். வயலும் மாடுமாக இருக்கிற ஒரு சின்ன மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர். தலையை மட்டும் எண்ணினால் வேட்பாளர்கள் பெரிய ஊர்களை மட்டும் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள், எங்கள் ஊரை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். டீச்சர் அதை என்னிடம் மறைக்காமல் சொன்னார்.

"அவரு சொல்றதும் பொய்யில்ல. நம்ம புதுக்கோட்டை மாதிரிதானே அவுக ஊரும்."

"அப்பறம் நீங்க என்ன சொன்னீங்க?"

"இப்ப ஒங்க ஊருக்கு வாராங்களான்னு கேட்டேன். இல்ல, அங்க யாரு ஜெயிப்பான்னு தெரியும், அதனால ஒருத்தரும் வாரதில்லன்னாரு. போட்டி இழுபறியா இருக்கிற நாலஞ்சு மாநிலத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போறாங்களாம்."

கிழவர் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை டீச்சருக்குச் சூடாக ஒரு காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நின்று பேசிவிட்டுப் போனாராம். மாநில சட்டசபைக் குழு ஒன்றின் முன்னால் பேசவும் டீச்சருக்கு வாய்ப்புக் கிடைத்தது. பேச வேண்டியதை எனக்குப் போனில் வாசித்துக் காட்டினார். என் இங்கிலீஷ் அவ்வளவு போதாது, ஆனாலும் நல்லா இருக்கு என்றேன். பேசினார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அதற்கான மசோதா அந்தக் குழுவைத் தாண்டவில்லை.

போன நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் அவர் ஊருக்கு வந்திருந்தார். வெயில் கொளுத்துகிற சித்திரை. என் வீட்டில்தான் தங்கினார். வயதாகியிருந்தது, முழங்கால் வலி. ஓட்டுப் போடுகிற அன்று காலையில் எனக்கு முன்னால் குளித்துத் தயாராகி நின்றார். உங்களுக்குத்தான் ஓட்டு இல்லையே, எதற்கு இந்த வெயிலில் என்றேன். சும்மா வாரேன் என்றார்.

எங்கள் பழைய பள்ளிதான் பூத். கேட்டில் நின்ற போலீஸ்காரர் அவரிடம் சீட்டுக் கேட்டார். அவர் தானாகவே, எனக்கு ஓட்டில்ல தம்பி, இவுகளுக்குத்தான் என்று சொல்லிவிட்டு வெளியே எதிர்க்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் வரிசையில் நின்றபடி திரும்பிப் பார்த்தேன். அவர் பாடம் நடத்திய வகுப்பறைக்குள் நான் போகிறேன், அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

வெளியே வந்ததும் என் விரலைப் பிடித்துப் பார்த்தார். மை பட்டையாகப் பரவியிருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கோடு இழுக்கத் தெரியவில்லை என்றார். பிறகு கையை விடாமலே, "அங்க எனக்கு ஓட்டு இருக்கு, போட்டும் புண்ணியமில்ல. இங்கிட்டு எண்ணுவாங்க, எனக்கு ஓட்டில்ல. நீங்க குடுத்து வச்சவங்க டீச்சர்" என்றார்.

"நான் போட்டது சிவகங்கைக்குப் போகுதுங்க டீச்சர்" என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். கடைக்காரர் இரண்டு கிழவிகளும் எதற்கு இப்படிச் சிரிக்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும், கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தார். பழைய பூத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வெகுநேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம். எந்த ஊரில் கரண்ட் போனது, எந்த ஊரில் ஆடு உள்ளே வந்து வாக்காளர் பட்டியலைத் தின்னப் பார்த்தது, எல்லாம். அவருக்கு எல்லா ஊரும் ஞாபகம் இருந்தது. எனக்குச் சில ஊர் மறந்துவிட்டது.

திரும்பிப் போன அந்த வருடக் கடைசியில் அங்கே ஜனாதிபதி தேர்தல். இந்தத் தடவை வாக்குச்சாவடியில் வேலை செய்ய அவரே பேர் கொடுத்திருந்தார். வருகிறவர்களின் பேரைச் சரிபார்த்துச் சீட்டுக் கொடுக்கிற மேஜை. நாள் முழுக்க உட்கார்ந்ததில் கால் வீங்கிவிட்டதாம். ஒரு பையன் சீட்டை வாங்கிக்கொண்டு, இங்கே இதைப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று அவரிடமே கேட்டிருக்கிறான். பூத்தில் உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று அடுத்தவரின் பேரைத் தேட ஆரம்பித்துவிட்டாராம். ஆனால் அவன் போட்டுவிட்டுத்தான் போனான், அதைப் பார்த்தேன் என்றார்.

முறை இன்னும் மாறவில்லை. சில மாநிலங்கள் ஒத்துக்கொண்டிருக்கின்றன, அது போதாது. போன வாரம் பேசும்போது, மாறுகிற வரை நாம் இருப்போமா என்று கேட்டேன். எனக்குத் தெரியலங்க டீச்சர் என்றார். இந்த வாரம் வேறு ஊர்ச் சந்தைக்குக் கையெழுத்து வாங்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். மகன்தான் காரில் கொண்டுபோய் விடப்போகிறார். அன்று ஓட்டே போடாத அந்த மகனும் கொஞ்ச நேரம் கூட நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். அதைச் சொல்லும்போது டீச்சர் குரலில் அத்தனை சந்தோஷம்.