காலையிலேயே போட்ட கையெழுத்து

என் மருமகளை வேலையிலிருந்து விரட்டிவிட்டார்களாம். யார் சொன்னது? எதிர்வீட்டுக்காரி. அவளுக்கு யார் சொன்னது? தண்ணீர் கேன் போடுகிறவன். அவன் விமான நிலையத்துக்குள் ஒரு தடவையாவது காலை வைத்திருக்கிறானா? இல்லை. அவன் மச்சான் அங்கே வெளியில் கார்களை வரிசையாக நிறுத்த வைக்கிறானாம். நல்ல சாட்சி. கார் டயரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு உள்ளே மாடி அறையில் நடந்தது எப்படித் தெரியும் என்று கேட்க அந்தத் தெருவில் ஒரு வாய் இல்லை. மற்றதற்கெல்லாம் வாய் உண்டு.

"உங்க மருமக பயணி பெட்டியில கை வச்சுட்டாளாமே, அதான் அனுப்பிட்டாங்களாமே," என்றாள் எதிர்வீட்டுக்காரி, வாசல் கூட்டுகிற சாக்கில். கூட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அரை மணி நேரமாக ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பாத்தியா?"

"நான் எங்கம்மா பாத்தேன். நாலு பேர் சொல்றாங்க."

"அந்த நாலு பேரையும் கூட்டிட்டு வா. நான் டீ போடறேன். உக்காந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

யாரும் வரவில்லை. வரவும் மாட்டார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி, "கொஞ்சம் நயமா சொல்லு பாட்டி," என்கிறாள். நயமெல்லாம் வேறு ஆட்களுக்கு வைத்திருக்கிறேன்.

என் மருமகள் எட்டு வருஷம் அங்கே உதவி மேசையில் இருந்தாள். பணம் மாற்றுகிற கூண்டுக்கும் பெட்டிக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றுகிறவனுக்கும் நடுவில் அவள் மேசை. இங்கிலீஷ் ஒரு பக்கம், நம் மொழி ஒரு பக்கம், நடுவில் அவள். வேலை என்னவோ பெரிய படிப்புக்காரி வேலை என்று நினைத்துத்தான் நான் பெண் பார்த்தேன். போய்ப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. கழிவறை எங்கே, தள்ளுவண்டிக்குக் காசு உண்டா, குழாய்க்குக் கீழே கையை நீட்டினால் தண்ணீர் தானாக வருமா, செருப்பைக் கழற்ற வேண்டுமா. நாள் முழுக்க இதுதான். கேட்கிறவர்களில் பாதிப் பேர் கேட்பதில்லை, விரலைச் சொடுக்குவார்கள். கோட்டு போட்டவன் ஒருவன் மேசையில் கடவுச்சீட்டால் டொக் டொக்கென்று தட்டினதை என் கண்ணால் பார்த்தேன். அவள் எழுந்து நின்று வழி சொன்னாள். நானாக இருந்தால் அவனை நேராகக் குப்பை அறைக்கு அனுப்பியிருப்பேன்.

ஆனால் எழுதப் படிக்கத் தெரியாமல் வருகிறவர்கள் இருக்கிறார்களே, கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வெளிநாடு போகிறவர்கள், அவர்கள் அவளைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்கள். படிவத்தை அவள் நிரப்பிக் கொடுப்பாள். கூச்சப்படாமல் இருக்க வேண்டுமென்று, "இங்க வெளிச்சம் சரியில்லண்ணே, நான் எழுதிடறேன்," என்பாள். தலைக்கு மேல் நாலு விளக்கு எரியும்.

மேசை வேலையோடு மைக் வேலையும் உண்டு. எந்த விமானம் எந்த கேட்டிலிருந்து கிளம்புகிறது என்று முதலில் ஒருவர் இங்கிலீஷில் சொல்வார். அடுத்து இவள் நம் மொழியில் சொல்வாள். சொன்னதற்கு அத்தாட்சியாக ஒரு நீள நோட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒரு வரி. சொன்னவர் அந்த வரியில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மறுநாள் விளக்கம் எழுதிக் கொடு என்று தாள் வந்துவிடும்.

இங்கேதான் அந்தப் புத்திசாலிகளின் காரியத்தைப் பார்க்க வேண்டும். மேசையிலிருந்து மைக் அறைக்கும் மைக் அறையிலிருந்து மேசைக்கும் ஓடுகிற அவசரத்தில் கையெழுத்து விட்டுப்போகும் இல்லையா? அதற்கு வழி கண்டுபிடித்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு வேலை மாறும்போதே, டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு, அன்றைய பக்கம் முழுவதற்கும் மேலிருந்து கீழ்வரை வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பதினெட்டு வரி, பதினெட்டுக் கையெழுத்து. விமானமும் நேரமும் பிறகு யாராவது எழுதிக்கொள்வார்கள். இவள் சேருவதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான். இவளுக்கு முன்னால் இருந்தவள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். மேனேஜர் தினமும் அந்த நோட்டைப் பார்த்து, கட்டமெல்லாம் நிரம்பியிருக்கிறது என்று சந்தோஷமாக மூடி வைப்பார். எனக்குக் கைநாட்டுதான். அதைக்கூட ஒருவர் படித்துக் காட்டி, இன்னொருவர் அதையே திரும்பப் படித்துக் காட்டிய பிறகுதான் வைப்பேன். பட்டம் வாங்கினவர்கள் வெறும் தாளில் போடுகிறார்கள்.

மேனேஜரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அவருக்கு டைக்காரர் என்று பெயர். வெயில் கொளுத்துகிற காலத்திலும் அந்தக் கழுத்துப்பட்டையைத் தளர்த்த மாட்டார். இரண்டு மொழியும் தெரியும். ஆனால் நம் மொழியில் யாராவது பேசினால் காது கேட்காதவர் மாதிரி நிற்பார். தானும் இங்கிலீஷில்தான் பேசுவார், அவர் பேச்சை மருமகள் எனக்குச் சொன்னபடி நம் மொழியில் சொல்கிறேன். அவர் அம்மா அவருக்கு எந்த மொழியில் சோறு ஊட்டினாள் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அன்றைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். பூச்சு வேலைக்கும் கம்பி வேலைக்கும் போகிறவர்கள். அவர்களில் வயசான ஒருவர், பூச்சுவேலைக்காரர், மற்றவர்களுக்கும் சேர்த்துப் பேசினார். பலகையில் ஓடுகிற எழுத்து அவர்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. என் மருமகள் நாலாம் நம்பர் கேட் வரைக்கும் கூடவே போய் உட்காரவைத்துவிட்டு, "இந்த இடத்தை விட்டு எங்கயும் போகாதீங்கண்ணே. மாத்தினா நானே மைக்ல சொல்வேன். என் குரல் வராம எழுந்திருக்காதீங்க," என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அவர்களும் எழுந்திருக்கவில்லை.

பதினொரு மணிக்கு டைக்காரர் மைக் அறைக்கு வந்தார். யாரோ ஒரு பெரிய அதிகாரியின் மனைவி சென்ட் கடைக்கு வந்திருக்கிறாளாம், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம், உடனே வா என்றார். "நம்ம மொழியில சொல்ல வேற ஆள் இல்ல சார்," என்று இவள் சொன்னாள். "அஞ்சு நிமிஷம்," என்றார். அந்த அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரம் ஆனது. அந்த அம்மாளுக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. பை தூக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. மணிக்கட்டில் ஒன்று, முழங்கையில் ஒன்று என்று ஒவ்வொரு சென்ட்டாக அடித்து முகர்ந்துகொண்டிருந்தாள். இவள் பின்னால் பையோடு நின்றாள்.

அந்த ஒரு மணி நேரத்தில் அந்தப் பதினோரு பேரின் விமானத்தை நாலாம் கேட்டிலிருந்து பதினொன்றாம் கேட்டுக்கு மாற்றினார்கள். மைக் அறையில் இருந்தவர் இங்கிலீஷில் சொன்னார். நம் மொழியில் சொல்ல ஆள் இல்லை. நோட்டில் அடுத்த காலி வரியில் விமானத்தையும் நேரத்தையும் எழுதினார். எதிரே என் மருமகளின் கையெழுத்து ஏற்கெனவே தயாராக இருந்தது. கடையில் இருந்த இவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அங்கே பாட்டு போட்டிருந்தார்களாம். திரும்பி வந்தபோது விமானம் போய்விட்டது. பதினோரு பேரும் நாலாம் கேட்டில் பைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இவளைப் பார்த்ததும் பூச்சுவேலைக்காரர், "நேரமாச்சாம்மா?" என்று கேட்டாராம்.

அதை என்னிடம் சொல்லும்போது மருமகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரே தட்டை மூன்று தடவை தேய்த்தாள்.

மறுநாள் டைக்காரர் மேலே எழுதி அனுப்பிவிட்டார். இரண்டு மொழியிலும் அறிவிப்புச் செய்யப்பட்டது, பயணிகள் கவனிக்கவில்லை, ஆதாரத்துக்கு நோட்டைப் பார்க்கவும். அப்படி முடிந்துவிட்டால் அந்தப் பதினோரு பேருக்கும் மறு இருக்கை கிடையாது. அந்த வாரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அங்கே வேலையும் கிடையாது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா விசாரணைக்கு வருவதாக இருந்தது. இவளைக் கூப்பிட்டு டைக்காரர், "நீ வாயத் திறக்கவே வேணாம். உன் கையெழுத்து பேசிடும். மாத்திச் சொன்னா பொய்க் கையெழுத்துப் போட்டது நீன்னு ஆயிடும், வேலை போயிடும், பாத்துக்கோ," என்றார்.

வீட்டில் என் மகன் இருக்கிறானே, செல்போன் கடையில் நிற்கிறவன், அவன் அதைவிட மேல். நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அந்தப் பதினோரு பேர் யாரு? நம்ம சொந்தமா?" என்றான்.

"என்னை நம்பி உக்காந்தாங்க," என்றாள் இவள்.

"நம்பினது அவங்க தப்பு."

நான் பெற்றதுதான். வேறு யாரைச் சொல்ல? "டேய், நீ விக்கிற போனை வாங்கறவனும் உன்னை நம்பித்தான் வாங்கறான். அவனுக்கு முதல்ல இதைச் சொல்லிட்டு வா," என்றேன். எழுந்து அறைக்குள் போய்விட்டான். விசாரணை நாள் காலையில் அவனுக்குத் தலைவலி வந்துவிட்டது. அதற்கென்றே ஒரு தலைவலி வைத்திருப்பான் போலிருக்கிறது. நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"நீங்க எதுக்கு அத்தை? அங்க நாலு மணி நேரம் ஆனாலும் ஆகும்."

"உக்காரத்தானே? அதுக்கும் படிச்சிருக்கணுமா?"

மாடியில் கண்ணாடி அறை. வெளியே இரும்பு நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். உள்ளே ஏ.சி. கெட்டிருந்ததால் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நல்லதாகப் போயிற்று. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், தூசி படிந்த பிளாஸ்டிக் பூ. தலைமை அலுவலக அம்மா, டைக்காரர், என் மருமகள். பூச்சுவேலைக்காரர் சுவரோரமாக நின்றார். ஆறு நாற்காலி காலியாகக் கிடந்தது, உட்கார் என்று ஒரு ஆள் சொல்லவில்லை. மருமகள் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கண்ணே," என்றாள்.

இதைக் கேளுங்கள். வந்த அம்மாவுக்கு நம் மொழி தெரியாது. பூச்சுவேலைக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது. மொழிபெயர்க்க அவர்கள் கூப்பிட்டது யாரை? என் மருமகளையேதான். தன் மேல் வந்த புகாரைத் தானே மொழிபெயர்க்க வேண்டும். இந்தக் கேவலம் அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவள் வழக்கப்படி ஒவ்வொன்றையும் இரண்டு மொழியிலும் சொன்னாள். அதனால்தான் எனக்கும் எல்லாம் விளங்கியது.

பூச்சுவேலைக்காரர் மெதுவாகச் சொன்னார். "மாத்தினா சொல்றேன்னு ஒரு அம்மா சொன்னாங்க. அவங்க குரல் வரலை. நாங்க எழுந்திருக்கலை." யார் அந்த அம்மா என்று அவர் கையைக் காட்டவில்லை. பெரிய மனசு.

மருமகள் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். சொல்லிவிட்டு, "அந்த அம்மா நான்தான்," என்று இரண்டு மொழியிலும் சேர்த்தாள்.

வந்த அம்மா நோட்டைத் திருப்பிக் காட்டினாள். கையெழுத்து உன்னுடையதுதானே?

"என்னோடதுதான். காலையில ஆறு மணிக்குப் போட்டது. அந்த விமானம் அப்ப வந்துகூடச் சேரலை. பதினெட்டு வரிக்கும் சேத்துப் போட்டேன், தினமும் அப்படித்தான் போடுவேன். எட்டு வருஷமா போட்டது தப்பு. அறிவிப்பு நேரத்துல நான் சென்ட் கடையில பை தூக்கிட்டு நின்னேன். மேனேஜர் சார் கூட்டிட்டுப் போனார்."

டைக்காரர் சிரித்தபடியே ஏதோ தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் சொன்னார். மருமகள் உடனே பூச்சுவேலைக்காரர் பக்கம் திரும்பி, "வீட்ல பிரச்சினை இருக்கு, நான் என்ன பேசறேன்னு எனக்கே தெரியலைன்னு மேனேஜர் சொல்றார்," என்றாள்.

"இதையெல்லாம் ஏன் அவருக்குச் சொல்றே?" என்றார் டைக்காரர். நம் மொழியில். எட்டு வருஷத்தில் முதல் தடவையாம். அதையும் அவள் வந்த அம்மாவுக்கு இங்கிலீஷில் சொன்னாள்.

வந்த அம்மா நோட்டை முன்னும் பின்னுமாகப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் பேனா மையும் சாய்வும் மேலிருந்து கீழ்வரை மாறாமல் ஒரே இழுப்பில் போட்டது குருடனுக்கும் தெரியும். பதினோரு பேருக்கும் இரண்டு நாளில் இருக்கை கொடுக்கச் சொன்னாள். அது அங்கேயே முடிந்தது. அடுத்தது இவள் பங்கு. பொய்க் கையெழுத்துக்குத் தண்டனை உண்டு, ஆனால் முன்கூட்டிப் போடுவது தன் சொந்த வழக்கம், வேறு யாருக்கும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தால் வேலையில் வைத்துக்கொள்வார்களாம். டைக்காரர் காகிதத்தை வேகமாக நகர்த்தினார். பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தார். அவ்வளவு உபசாரம்.

"எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்க உண்டு. நான் சொல்லிக்கொடுத்தவங்களும் இருக்காங்க. சார் தினமும் பாத்து மூடி வச்சது. தனியா நான் மட்டும்னு எழுத மாட்டேன்," என்றாள்.

அப்படியானால் வைத்துக்கொள்ள முடியாது என்றாள் வந்த அம்மா.

"நீங்க அனுப்ப வேணாம். நானே போறேன்." கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வந்தாள். எட்டு வருஷ வேலை, நாற்காலி தள்ளுகிற சத்தத்தோடு சரி. இதைத்தான் விரட்டிவிட்டார்கள் என்று தெருவில் சொல்கிறார்கள்.

கீழே வந்தோம். அவள் இன்னும் உதவி மேசைக்காரர்கள் போடுகிற நீலக் கோட்டோடுதான் இருந்தாள், அதனால் ஆட்கள் விடவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி வெந்நீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள், சொன்னாள். ஒருவர் பெட்டி வரவில்லை என்று அழாத குறையாக நின்றார், எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று கூடவே நடந்து காட்டிவிட்டு வந்தாள். "வேலையத்தான் விட்டாச்சே," என்றேன். "அவங்களுக்குத் தெரியாதே அத்தை," என்றாள்.

வாசல் கதவு தானாகத் திறந்தது. அவள் முன்னால் வெளியே போனாள், கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு. நான் மட்டும் நின்று மேலே பார்த்தேன். டைக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே ஒரு துப்புத் துப்பலாம் என்று தோன்றியது. தரை துடைக்கிற பெண் பக்கத்திலேயே மாப்போடு நின்றாள். அவள் என்ன பாவம் செய்தாள். விழுங்கிக்கொண்டு வெளியே நடந்தேன்.