அப்பா தடுத்த துள்ளல் பாட்டு

கீழ்வீட்டில் பேஸ் கிற்றார் அதிரத் தொடங்கினால் எங்கள் அடுப்பிலிருக்கும் புட்டுப் பானையின் மூடியும் சேர்ந்து ‘கடகட’வென்று தாளம் போடும். கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் என் சின்ன வயதுச் சனிக்கிழமைகள் அந்தச் சத்தத்தோடுதான் தொடங்கின. கீழ்வீட்டுச் செலஸ்தேன் கொங்கோக்காரர். கீபோர்ட் வாசிக்கும் மனைவியையும், டிரம்ஸ் அடிக்கும் ஒரு கியூபெக் வெள்ளைக்காரரையும் சேர்த்துக்கொண்டு லிங்காலா மொழியில் ராக் பாடுவார்.

நான் பெரியபிள்ளையாகி ‘சாமத்திய வீடு’ என்னும் சடங்கு வைத்தபோது, எங்கள் புட்டும் அவர்களின் பொரித்த வாழைப்பழமும் படியேறி இறங்கிய பழக்கத்தில் அப்பா அவர்களைப் பாடக் கூப்பிட்டார். கூடவே ஒரு கட்டளை: “குமர்ப்பிள்ளையளுக்கு முன்னால காதல் பாட்டு வேண்டாம். போராட்டப் பாட்டெண்டால் படிக்கட்டும்.”

மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் சேலையும் மாலையுமாகப் பொம்மை மாதிரி நிற்கப்போகிற எனக்கு இருந்த ஒரே ஆசை, அவர்களுடைய துள்ளல் பாட்டுக்கு ஆடிவிட வேண்டும் என்பதுதான். சனங்களை வீட்டைவிட்டுத் துரத்திய பட்டாளத்தைத் திட்டும் பாட்டு அது, அழுதுவடியும் மெதுவான பாட்டுத்தான் காதல் என்று செலஸ்தேன் எனக்குப் பிரெஞ்சில் விளக்கியிருந்தார். ஒத்திகையில் இரண்டையும் கேட்ட அப்பாவோ தலைகீழாக முடிவெடுத்தார். “துள்ளித் துள்ளி ஆடுறது போராட்டமோ? எனக்குக் கதை விடாத, பிள்ளை!” ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விழாவன்று, ‘இது போராட்டப் பாட்டு’ என்று அப்பா அறிவித்து மெதுவான பாட்டுத் தொடங்கியதும், போராட்டப் பாட்டென்றால் எழுந்து நிற்கும் எங்கள் ஈழத்துச் சனத்தின் வழக்கப்படி முழு மண்டபமும் எழுந்து தலைகுனிந்து நின்றது. ஒரு மாமா கண்ணைத் துடைத்தார். செலஸ்தேன் திகைத்துத் திகைத்துப் பாட, நான் சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன். முடிந்ததும் கண் கலங்கிய அப்பா மேடைக்குப் போய், மற்றதையும் பாடச் சொல்லிக் கையால் காட்டினார். ஐயோ, நான் ஆடிய ஆட்டம்! தலையில் வைத்த பூவெல்லாம் கழன்று விழுந்தது.

நாங்கள் குடியிருந்த அந்தக் கட்டடம் இப்போது இல்லை. செலஸ்தேன் குடும்பம் எந்த ஊரில் என்றும் தெரியாது. கர்க்லாண்ட் புறநகரில் என் வீட்டில் பாத்திரம் கழுவும்போது அப்பா அந்த மெதுவான பாட்டை முணுமுணுப்பார். போன கிழமைதான் துணிந்து கேட்டேன்: “அப்பா, அது காதல் பாட்டெண்டு தெரியுமோ?”

“ஓம், அண்டைக்கே தெரியும். அவன் மனுசியைப் பார்த்தெல்லோ படிச்சவன். எழும்பி நிண்ட சனத்தை இருங்கோ எண்டு சொல்லேலுமோ? நீ சொன்னதுதான் சரியெண்டு விளங்கினது, அதுதான் மற்றதையும் படிக்க விட்டனான்.” கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்தார். “அகதிக் காகிதம் சரிவரும்வரை நாலு வரியம், ஊரில விட்டிட்டு வந்த கொம்மாவைக் காணாமல் இஞ்ச தனிய இருந்தனான். காதல் பாட்டு எனக்கு விளங்காதே?”